பி.எட். ரெக்கார்டு நோட்டுக்குள் ஓர் உண்மையான ஆய்வு: புதிதாகச் சேர்கிறவர்களுக்கு

நான் பி.எட். படித்தபோது, ஒரே ஒரு பிள்ளையை ஆராய்ந்து எழுத வேண்டிய தனியாள் ஆய்வு ரெக்கார்டை ஒரு சீனியர் அக்காவிடம் வாங்கி அப்படியே பார்த்து எழுதினேன். பெயரை மட்டும் மாற்றினேன். அதில் வரும் பையன் எட்டாம் வகுப்பு, வீட்டில் வறுமை, கணக்கில் நாட்டமில்லை. என் ஆலோசனைக்குப் பிறகு மூன்றே வாரத்தில் தேறிவிட்டான். செய்முறைத் தேர்வுக்கு வெளிக் கல்லூரியிலிருந்து தேர்வாளராக வந்த எக்ஸ்டர்னல் அம்மா நோட்டைப் புரட்டிவிட்டு, "இந்தப் பையன் எந்த பெஞ்சுல உக்காருவான்?" என்று கேட்டார். எனக்கு வாய் திறக்கவில்லை. மதிப்பெண் போட்டுவிட்டார். ஆனால் கையெழுத்துப் போடும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பி.எட். இரண்டு வருடத்தில் ஒரு டஜன் ரெக்கார்டாவது எழுத வேண்டியிருக்கும். கல்லூரிக்குக் கல்லூரி பட்டியல் கொஞ்சம் மாறும். எல்லாவற்றையும் ஆராய்ச்சி போலச் செய்ய யாராலும் முடியாது, நானும் அப்படிச் சொல்லப்போவதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் உண்மையாகச் செய்யுங்கள். தனியாள் ஆய்வைப் பார்த்து எழுதிய நானும், தசமம் பற்றிய ஓர் ஆய்வை உண்மையாகச் செய்தேன். அதற்கு முதல் நாளிலிருந்து என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

சேர்வதற்கு முன்

தமிழ்நாட்டில் பி.எட். கல்லூரிகள் 2008 முதல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பல்கலைக்கழகம் சென்னை காரப்பாக்கத்தில் இருக்கிறது. பாடத்திட்டம், தேர்வு, பட்டம் அங்கிருந்து. வகுப்பு உங்கள் கல்லூரியில். அரசுக் கல்லூரிகள் கொஞ்சம்தான், அப்புறம் அரசு உதவி பெறுபவை, மீதி பல நூறு சுயநிதிக் கல்லூரிகள். அரசுக் கல்லூரிகளில் மூத்தது சைதாப்பேட்டை. 1856-இல் ஆசிரியர்களுக்கான நார்மல் பள்ளியாகத் தொடங்கியது. டாக்டர் ராதாகிருஷ்ணன் ஆசிரியர் பயிற்சி பெற்றதும் அங்கேதான்.

பணம் கட்டுவதற்கு முன் சில விஷயங்களைப் பாருங்கள். என்.சி.டி.இ. எனப்படும் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் அங்கீகாரம் கல்லூரிக்கு இருக்கிறதா என்பது முதலில். அதைக் கல்லூரிக்காரர் வாயால் கேட்டால் போதாது, குழுமத்தின் இணையதளத்தில் நீங்களே தேடுங்கள். அடுத்து, பயிற்சிக்கு எந்தப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் நீங்களே ஒரு ஸ்கூல் பார்த்துக்கலாம், வரவே வேண்டாம், அட்டெண்டன்ஸ் நாங்க பார்த்துக்கிறோம்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். விதிப்படி வகுப்புகளுக்கு 80 விழுக்காடு, பள்ளிப் பயிற்சிக்கு 90 விழுக்காடு வருகை வேண்டும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியராக வேண்டும் என்றால் பி.எட். உதவாது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒன்று முதல் ஐந்து வரை கற்பிக்கத் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். பி.எட். முடித்தவர் எழுத வேண்டியது டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். பதினொன்று, பன்னிரண்டு வகுப்புகளுக்கு முதுகலையும் பி.எட்.டும் முடித்து, டி.ஆர்.பி. எனப்படும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் தேர்வை எழுத வேண்டும். சின்னக் குழந்தைகளோடு இருக்கத்தான் ஆசை என்று சொல்லிக்கொண்டு பி.எட்.டில் வந்து உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். யாரும் அவர்களுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கவில்லை.

முதல் வருடம்: பார்க்கக் கற்றுக்கொள்வது

2014 விதிமுறைகள் வந்த பிறகு பி.எட். இரண்டு வருடம். பள்ளியில் இருக்க வேண்டியது மொத்தம் 20 வாரம்: முதல் வருடம் 4, இரண்டாம் வருடம் 16. முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் பின் பெஞ்சில் உட்கார்ந்து மற்ற ஆசிரியர்களின் வகுப்பைப் பார்ப்பதுதான் வேலை. "ஆசிரியர் கரும்பலகையை நன்கு பயன்படுத்தினார், குரல் தெளிவாக இருந்தது" என்று எல்லோரும் எழுதுவார்கள். இதை வகுப்புக்குப் போகாமலேயே எழுதலாம்.

மாறாக இப்படிச் செய்து பாருங்கள். ஒரு தாளில் வகுப்பின் இருக்கைப் படம் வரையுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னக் கட்டம். ஆசிரியர் யாரிடம் கேள்வி கேட்கிறாரோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. தானாகக் கை தூக்கிச் சொன்னால் ஒரு புள்ளி. நாற்பது நிமிடம் முடிந்ததும் படத்தைப் பாருங்கள். முன் இரண்டு வரிசையும் நடுப்பகுதியும் கோடுகளால் நிரம்பியிருக்கும். சன்னலோரமும் தூணுக்குப் பின்னாலும் வெறுமையாகக் கிடக்கும். எல்லா வகுப்பும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்தவற்றில் முக்கால்வாசி இப்படி. பிற்பாடு என் வகுப்பை ஒரு தோழி இதே மாதிரி குறித்துக் கொடுத்தபோது என் படமும் இதேதான்.

இரண்டாவது பயிற்சி இன்னும் எளிது. ஆசிரியர் கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். எத்தனையாவது எண்ணில் அவர் அடுத்த பிள்ளைக்குத் தாவுகிறார் அல்லது தானே பதில் சொல்கிறார்? அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பதிவுகளைக் கேட்டுக் கேட்டு இதைத்தான் அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாகக் காத்திருந்தது ஒரு விநாடி அளவுதான். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள், "தெரியாது" குறைந்தது. இதைச் செய்து பார்க்கக் காசு வேண்டாம், அனுமதி வேண்டாம். மூன்று விநாடி அமைதியாக நிற்பது எவ்வளவு கஷ்டம் என்பது நின்று பார்த்தால்தான் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. நீங்கள் குறிப்பது அந்த ஆசிரியருக்கு மார்க் போட அல்ல. அவர் பத்து வருடமாக அந்தப் பள்ளியில் இருக்கிறார், நீங்கள் வந்து பத்து நாள். குறிப்பைக் கேட்டால் காட்டுங்கள். ஓய்வறையில் உட்கார்ந்து அவர் வகுப்பைப் பற்றி மற்றவர்களிடம் பேசாதீர்கள்.

நுண்ணிலைக் கற்பித்தலும் பாடக்குறிப்பும்

நுண்ணிலைக் கற்பித்தல் என்பது ஒரே ஒரு திறனை மட்டும் எடுத்துக்கொண்டு, சக மாணவர்களையே பிள்ளைகளாக உட்காரவைத்து நடத்திப் பழகுவது. 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் பிறந்தது. இந்தியாவில் நடைமுறைக்கு வந்த சுற்று 36 நிமிடம்: 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் திருத்தித் திட்டமிடல், மறுபடியும் 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் பின்னூட்டம். முப்பது வயது அண்ணன் ஒருவர் ஆறாம் வகுப்புப் பையனாக நடித்து "மிஸ், பாத்ரூம்" என்று கை தூக்குவார். எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, கேள்வி கேட்கும் திறனுக்கான சுற்றை மட்டும் ஒழுங்காகச் செய்துகொள்ளுங்கள். போனில் பதிவு செய்து, எத்தனை கேள்வி கேட்டீர்கள், அதில் ஆமாம்-இல்லை என்று முடிந்தவை எத்தனை என்று எண்ணுங்கள்.

பாடக்குறிப்பைப் பற்றி உங்கள் கல்லூரி நிறையவே சொல்லும். நோக்கம், நடத்தை மாற்றம், ஊக்குவித்தல் என்று கட்டம் கட்டமாக எழுதவைப்பார்கள். அந்தக் கட்டங்களோடு நீங்களாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "இந்தப் பாடத்தில் பிள்ளைகள் எங்கே வழுக்குவார்கள்?" முதலில் இந்த வரி காலியாகவே இருக்கும். பாடம் தெரிவது வேறு, அந்தப் பாடத்தில் பிள்ளை எங்கே தடுக்கும் என்று தெரிவது வேறு. இரண்டாவதுதான் ஆசிரியருக்கு மட்டுமே உரிய அறிவு என்று 1986-இல் லீ ஷுல்மன் எழுதிய பிறகுதான் ஆசிரியர் கல்வி ஆராய்ச்சியின் திசையே மாறியது. உங்கள் ஆய்வும் இந்த ஒரு வரியிலிருந்துதான் பிறக்கப்போகிறது.

இரண்டாம் வருடம்: பள்ளிக்குப் போனதும்

முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதம், கல்லூரிக் கடிதம் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு தலைமை ஆசிரியரைப் பாருங்கள். அவர் ஒரு வழிகாட்டி ஆசிரியரைக் காட்டுவார். முதல் இரண்டு வாரம் ஆய்வு என்ற சொல்லையே எடுக்காதீர்கள். காலைக் கூட்டத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள். யாராவது லீவ் போட்டால் அந்தப் பாடவேளைக்கு உங்களைத்தான் அனுப்புவார்கள். முகம் சுளிக்காமல் போங்கள், பிள்ளைகள் மனசுவிட்டுப் பேசுவது அந்த வேளையில்தான். உங்களுக்கு "டிரெய்னிங் மிஸ்", "டிரெய்னிங் சார்" என்று பெயர் வந்துவிடும். போகப்போகிறவர் என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது வாரம் வழிகாட்டி ஆசிரியரிடம் கேளுங்கள்: "டீச்சர், உங்க வகுப்புல வருஷா வருஷம் எது சொல்லிக் குடுத்தாலும் புரியாம நிக்குது?" பெரும்பாலும் யோசிக்காமல் பதில் வரும். அதுதான் உங்கள் தலைப்பு. என்னிடம் சொன்ன பதில், "ஏழாம் வகுப்பு, தசமம்."

ஆய்வு: 3.5 பெரிதா, 3.12 பெரிதா?

முதலில் கேள்விச் சீட்டு. பெரிய எண்ணை வட்டமிடச் சொல்லி ஏழெட்டு ஜோடி. ஆனால் ஜோடிகளை யோசித்துப் போட வேண்டும்.

0.4, 0.35 என்று ஒரு ஜோடி. முழு எண் போலப் பார்க்கிற பிள்ளை, 35 பெரியது என்று 0.35-ஐ வட்டமிடும். தவறு. இப்போது 0.4, 0.62 என்று இன்னொரு ஜோடி. அதே பிள்ளை, 62 பெரியது என்று 0.62-ஐ வட்டமிடும். சரி! காரணம் தப்பு, விடை சரி. நீங்கள் இரண்டாவது வகை ஜோடிகளை மட்டுமே கொடுத்திருந்தால் வகுப்பே நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கும், நீங்களும் சந்தோஷமாக அடுத்த பாடத்துக்குப் போயிருப்பீர்கள். நேர் எதிர்த் தப்பும் உண்டு. நூறில் பங்கு சின்னது, பத்தில் பங்கு பெரியது என்று அரைகுறையாகப் பிடித்துக்கொண்ட பிள்ளை, இலக்கம் குறைவாக இருப்பதையே பெரிது என்று எடுக்கும், 0.4-ஐ இரண்டு ஜோடியிலும் வட்டமிடும். அதனால் இரண்டு வகையும் கலந்து, கூடவே 0.8, 0.80 போன்ற சம ஜோடி ஒன்றும் வையுங்கள். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் கேய் ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லியும் இப்படிப்பட்ட சீட்டைக் கொண்டுதான் ஆயிரக்கணக்கான மாணவர்களின் தசமச் சிந்தனையை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். அவர்கள் மொத்த மதிப்பெண்ணோடு நிறுத்திக்கொள்ளவில்லை. எந்த ஜோடி சரி, எந்த ஜோடி தப்பு என்ற வடிவத்தைப் பார்த்தார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள்.

அடுத்தது பேசுவது. ஒரே மாதிரி தப்பு செய்தவர்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, மதிய இடைவேளையில் மரத்தடியிலோ வராந்தாவிலோ தனித்தனியாகப் பேசுங்கள். "தப்பு" என்று சொல்லாதீர்கள். "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் மூன்று விநாடி சும்மா இருங்கள்.

ஒரு பெண், "அஞ்சைவிடப் பன்னெண்டு பெருசு மிஸ்" என்றாள். இது எதிர்பார்த்தது. இன்னொரு பையன் 3.12-ஐயே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது தப்பான நம்பர் மிஸ்" என்றான். ஏன் என்றேன். "மூணு புள்ளி அஞ்சுக்கு அப்புறம் நாலுதானே? பன்னெண்டு எப்படி வரும்?" எனக்குப் புரியச் சற்று நேரமானது. அவன் சொன்னது கிரிக்கெட் ஓவர். ஓவருக்கு ஆறு பந்து, 3.5-க்கு அடுத்த பந்தில் 4. அந்தப் புள்ளிக்குப் பின்னால் 6 என்ற எண்ணே வராது. டிவியில் தினமும் பார்க்கிற புள்ளி அது, பாடப்புத்தகப் புள்ளியைவிட அவனுக்கு நெருக்கமானது. எந்த மேலைநாட்டு ஆய்விலும் இதை நான் அதுவரை படித்திருக்கவில்லை. வழிகாட்டி ஆசிரியரிடம் சொன்னபோது, "பதினஞ்சு வருஷமா நடத்துறேன், எவனும் இதை எங்கிட்ட சொல்லலையே" என்றார்.

பாடப்புத்தகமும் நாமும் சட்டென்று எடுக்கிற உதாரணம் ரூபாய்-பைசா. அதையும் சந்தேகப்படுங்கள். 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள காசுகளும் 2011 ஜூன் 30-இலிருந்து செல்லாது. இன்று ஏழாம் வகுப்பில் இருக்கிற பிள்ளை அந்தக் காசைக் கையில் தொட்டதே இல்லை. 3.5 ரூபாய் என்றால் "மூணு ரூபாய் அஞ்சு பைசா" என்று சொல்லும் பிள்ளைக்கு அந்த உதாரணம் குழப்பத்தைக் கூட்டும்.

பிறகுதான் கற்பித்தல். நான் செய்தது மூன்று. வராந்தாத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் 3-க்கும் 4-க்கும் நடுவே நீளக் கோடு போட்டு, பத்தாகப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் மறுபடி பத்தாகப் பிரித்து, எண் எழுதிய அட்டையோடு பிள்ளைகளையே போய் நிற்கச் சொன்னேன். தையல்காரர் டேப்பை வைத்து உயரம் அளந்து மீட்டரில் எழுதச் சொன்னேன். அப்புறம், 3.12-ஐ "மூன்று புள்ளி பன்னிரண்டு" என்று நானோ அவர்களோ சொன்னால் வகுப்பே "ஒன்று இரண்டு!" என்று திருத்த வேண்டும் என்று விளையாட்டு வைத்தேன். இந்த மூன்றாவது, செலவே இல்லாதது, எனக்கு அதிகம் பிடித்தது. கிரிக்கெட் பையனுக்குத் தனியாக, ஓவருக்குப் பத்துப் பந்து வீசினால் புள்ளிக்குப் பின்னால் என்னென்ன வரும் என்று எழுதச் சொன்னேன். 3.9 வரை எழுதிவிட்டு நிமிர்ந்து சிரித்தான்.

கற்பித்து இரண்டு வாரம் கழித்து வேறு எண்களோடு அதே வகைச் சீட்டு. பள்ளியைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய வாரம் மூன்றாவது முறை. இந்த மூன்றாவதைப் பெரும்பாலோர் விட்டுவிடுவார்கள். ஆனால் கற்றது நிலைத்ததா, இரண்டு வாரத்துச் சூடா என்பது அதில்தான் தெரியும். என் வகுப்பில் இரண்டாவது சீட்டில் சரியாகச் செய்த சிலர் மூன்றாவதில் பழையபடி 0.35-ஐ வட்டமிட்டிருந்தார்கள். அதையும் எழுதினேன். ரெக்கார்டில் அந்தப் பக்கம்தான் உருப்படியான பக்கம்.

எண்களைக் கையாள்வது

ஒரே வகுப்பு, நாற்பது பிள்ளைகள், மூன்று சீட்டு. இதற்கு டி-சோதனை, எஃப்-சோதனை போன்ற புள்ளியியல் கணக்கெல்லாம் தேவையில்லை; கல்லூரி கட்டாயப்படுத்தினால் போடுங்கள். எத்தனை பேர் எந்த வகைத் தப்பில் இருந்தார்கள், மூன்று முறையும் எப்படி நகர்ந்தார்கள் என்று ஓர் அட்டவணை போதும். யார் எந்தச் சீட்டு அன்று வரவில்லை என்பதைத் தனியாகக் குறியுங்கள். வராதவர்களை ஓசைப்படாமல் கழித்துவிட்டு விழுக்காடு போட்டால் முடிவு அழகாக வரும், உண்மையாக இருக்காது.

பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று பார்க்கும் அடைவுத் தேர்வு ரெக்கார்டுக்கு, ஒவ்வொரு வினாவும் எப்படி வேலை செய்தது என்று பார்க்கும் வினாப் பகுப்பாய்வு கேட்பார்கள். பயந்துகொள்ள ஒன்றுமில்லை. மொத்த மதிப்பெண்படி தாள்களை அடுக்கி, மேலிருந்து 27 விழுக்காடு, கீழிருந்து 27 விழுக்காடு எடுங்கள். நாற்பது பேர் என்றால் 11, 11. ஒரு வினாவை மேல் பதினொருவரில் 9 பேரும் கீழ் பதினொருவரில் 3 பேரும் சரியாகச் செய்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எளிமை அளவு, அதாவது இந்த 22 பேரில் சரியாகச் செய்தவர்களின் பங்கு, 12-ஐ 22-ஆல் வகுத்தால் 0.55. பிரித்தறியும் திறன், அதாவது நன்றாகச் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்பது, வித்தியாசம் 6-ஐ 11-ஆல் வகுத்தால் அதுவும் 0.55. நல்ல வினா. பிரித்தறியும் திறன் மைனஸில் வந்தால், பிள்ளைகளைத் திட்டுவதற்கு முன் உங்கள் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள்.

செய்யக்கூடாதவை

பிள்ளைகளின் உண்மைப் பெயரை ரெக்கார்டில் எழுதாதீர்கள். மா1, மா2 என்று போடுங்கள். வகுப்பறைப் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். பேச்சைப் பதிவு செய்வதென்றால் தலைமை ஆசிரியரின் அனுமதியும் பெற்றோருக்குத் தகவலும் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க "பி" பிரிவை வைத்துக்கொண்டால், ஆய்வு முடிந்ததும் அவர்களுக்கும் அதே சுண்ணாம்புக் கோட்டைப் போட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அப்புறம், ஆறு பேரைத் தனியே கூப்பிடும்போது "மெல்லக் கற்போர்" என்ற சொல் அவர்கள் காதில் விழக்கூடாது. என் ஆறு பேரில் இரண்டு பேர் வகுப்பில் முதல் ஐந்து ரேங்க்.

எழுதுவதும் அதற்குப் பிறகும்

ஐந்தாறு பக்கம் போதும். பிரச்சினை என்ன, எப்படித் தெரிந்தது, பிள்ளைகள் சொன்னது அவர்கள் வார்த்தையிலேயே, நீங்கள் செய்தது, மூன்று சீட்டின் அட்டவணை, பலிக்காதது. செயல் ஆராய்ச்சி (நீங்கள் செய்தது அதுதான்) என்ற பெயரை 1940-களில் கர்ட் லெவின் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்று முன்னுரையில் ஒரு வரி போட்டால் எக்ஸ்டர்னலுக்குத் திருப்தி. அதற்கு மேல் முன்னுரைக்குப் பக்கம் செலவழிக்காதீர்கள்.

எம்.எட். போகும் எண்ணம் இருந்தால் இந்தச் சின்ன ஆய்வே ஆய்வேட்டுக்கு விதை. தலைப்பு தேடும்போது ஷோத்கங்கா தளத்தைத் திறந்து பாருங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கும். கல்வியியலில் ஒரே அச்சில் வார்த்த ஆய்வேடுகள் நிறையக் கண்ணில் படும்: ஏதோ ஒரு மனப்பான்மை, அதற்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு, ஆண்-பெண், நகரம்-கிராமம், அரசு-தனியார் என்று வேறுபாடு. வினாத்தாளைக் கொடுத்து வாங்கி, கணினியில் போட்டு, முடிந்தது. இப்படிச் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது, நேரமும் அனுமதியும் அவ்வளவுதான் கிடைத்திருக்கும். ஆனால் எந்த ஏட்டையும் படிக்கும்போது பின்னிணைப்பிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகளிடம் என்ன கேட்டார்கள் என்பது அங்கேதான் இருக்கும். அது சரியில்லை என்றால் நானூறு பக்கத்தையும் மிச்சப்படுத்திவிடலாம்.

பள்ளியைவிட்டுக் கிளம்பும் நாளில் வழிகாட்டி ஆசிரியருக்குக் கேள்விச் சீட்டின் ஒரு வெறும் நகலும் அட்டவணையின் நகலும் கொடுங்கள். அடுத்த வருடமும் தசமம் அவருக்குத்தான் வரும். பிள்ளைகள் எழுதிய மூலச் சீட்டுகளைப் பெயர் தெரியாமல் மறைத்து, ரப்பர் பேண்ட் போட்டு, செய்முறைத் தேர்வன்று ரெக்கார்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் வையுங்கள். எக்ஸ்டர்னல் எந்த பெஞ்சு என்று கேட்டால், அந்த இருக்கைப் படத்தை எடுத்துக் காட்டலாம்.